சங்கிலி யாருடையது என்பது பற்றி அழகர் தனுஜா கூறியது

அரசாங்கச் செலவில் சட்டத்தரணி வழங்கும் முறையை எவ்வாறு மாற்றலாம் என்று பொதுமக்களிடம் விசாரிக்கும் குழுவின் முன்னிலையில், பதுளையில் வைத்து, தமிழ் மொழியில் பதிவு செய்யப்பட்டது.

எனது முழுப் பெயர் அழகர் தனுஜா. வயது பதினேழு. மடுல்சீமை, நெல்லிமலைத் தோட்டம், மேற்பிரிவு, இரண்டாம் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தாயாருடன் வசிக்கிறேன். தந்தை உயிருடன் இல்லை. தாயார் பெயர் கலாராணி, அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். ஒன்பதாம் ஆண்டு வரை படித்தேன். தாயாருக்கு முதுகு வலி வந்து வேலைக்குப் போக முடியாமல் இருந்த வருடத்தில் பாடசாலையை நிறுத்தினேன், அதன் பின்னர் திரும்பிப் போகவில்லை. தற்போது தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது கொழுந்துக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், உதவியாளாக இருக்கிறேன். குழந்தைகளுடன் நாள் முழுவதும் பேசுவேன், பெரியவர்களிடம் எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. இங்கு என்னை உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டு சொன்னால்தான் சொல்ல வரும் என்று கூறியதால் நிற்க அனுமதித்தார்கள்.

எனது அண்ணன் அஜந்தனின் வழக்கு சம்பந்தமாக இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அண்ணனுக்கு அடுத்த மாதம் தண்டனை கூறப்பட இருக்கிறது. அதற்கு முன்னர் அவருக்கு ஒரு சட்டத்தரணி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தேன்.

அண்ணனுக்கு வயது இருபத்தொன்று. பசறையில் உள்ள ஒரு முதலாளியின் முச்சக்கர வண்டியை ஓட்டி வந்தார். காலையில் பிள்ளை மடுவத்தைக் கடந்து போகும்போது குழந்தைகளுக்காக ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். இந்த வருடம் சித்திரைப் பண்டிகை முடிந்த வாரத்தில், எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த சதீஸ்குமார் என்பவர் இரண்டு சாக்குகளுடன் வந்து பசறைக்கு ஹயர் கேட்டார். சாக்கைத் தூக்கி வைக்க அண்ணனும் கை கொடுத்திருக்கிறார். பாரமாக இருந்ததால் என்ன என்று கேட்டதாகவும், பழைய இரும்பு என்று சதீஸ்குமார் கூறியதாகவும் அண்ணன் பின்னர் எங்களிடம் சொன்னார். அந்த இடத்தில் நான் இருக்கவில்லை. அண்ணன் சொன்னதைத்தான் சொல்கிறேன். மறுநாள் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து மோட்டார்ச் சாமான்கள் களவு போனதாக முறைப்பாடு செய்யப்பட்டு, பொலிசார் வந்து, சாமான்கள் போனது இந்த வண்டியில்தான் என்று கூறி, அண்ணனை வண்டியோடு கொண்டு போனார்கள். சதீஸ்குமார் அதற்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டார். அவர் கொழும்பில் எங்கே என்று அவரது வீட்டாருக்கும் தெரியவில்லை.

அதன் பின்னர் அண்ணன் எங்கள் பகுதி நீதவான் நீதிமன்றத்தில் ஆஜர்செய்யப்பட்டார். நானும் தாயாரும் போய்ப் பின்னால் போட்டிருந்த நீள வாங்கிலில் உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் பெயரைக் கூப்பிட்டபோது தாயார் எழுந்து நின்று சேலையைச் சரிசெய்து முன்னால் பார்ப்பதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். விளக்கமறியல், வழக்கு முடியும் வரை சிறையில்தான் என்று பக்கத்தில் இருந்தவர் எங்களுக்குச் சொன்னார். மற்றவர்களுக்காகக் கறுப்புக் கோட் போட்டவர்கள் எழுந்து பேசினார்கள். அண்ணனுக்காகப் பேச ஆள் இல்லை.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் தாயார் இதைக் கூறியபோது, வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கமே சட்டத்தரணி கொடுக்கிறது, நீதிமன்றத்துக்கு எதிரில் உள்ள கட்டடத்தில் அதற்கு ஒரு மேசை இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று அவர் கூறினார். கேட்பவருக்கு வசதி இல்லை என்று அந்த மேசையில் ஏற்றுக்கொண்டால்தான் சட்டத்தரணியை நியமிப்பார்கள் என்பதையும் அவர் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் லயத்தின் வழக்கம் ஒன்றைக் கூற வேண்டும். எங்கள் லயத்தில் இருந்து யாராவது முக்கியமான காரியமாக டவுனுக்குப் போனால், ஆஸ்பத்திரிக்கோ பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவோ அரசாங்கக் கந்தோருக்கோ போனால், வெறுங்கழுத்தோடு அனுப்ப மாட்டார்கள். எங்களுக்கு அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருக்கும் பெரியாயி பெரியம்மாவிடம் ஒரு தங்கச் சங்கிலி இருக்கிறது. அவர் எனது சொந்தப் பெரியம்மா அல்ல, முறை வைத்து அப்படிக் கூப்பிடுகிறோம். கடைசிக் காம்பராவில் இருக்கும் விதுஷா அக்காவிடம் ஒரு சோடித் தோடு இருக்கிறது. போகிறவர் அன்று இவற்றைப் போட்டுக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் மஞ்சள் தண்ணீரில் கழுவி, விளக்கு வைப்பதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். போட்டிருக்கும்போது யார் கேட்டாலும் இன்னொருவருடையது என்று சொல்லக் கூடாது. கொடுத்தவரும் அன்று முழுவதும் அது தன்னுடையது என்று சொல்ல மாட்டார். இது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் பிறந்ததும் என்னை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டு வரும்போது தாயாரின் கழுத்தில் அந்தச் சங்கிலிதான் இருந்ததாம்.

மேசைக்குப் போகும் நாள் காலையில் தாயார் நகை வேண்டாம் என்றுதான் முதலில் கூறினார்.

"கோர்ட்டுக்கு மொட்டக் கழுத்தோடயா போவ?" என்று பெரியாயி பெரியம்மா கேட்டார். "மகன் மேல களவுக் கேசு. நீ ஒண்ணுமில்லாம போய் நின்னா, சரி, இல்லாத வீடு, எடுத்திருப்பான்னுதான் நெனைப்பாங்க. இதப் போடு. இந்தச் சங்கிலி பாத்த ஆசுபத்திரி, கச்சேரி ஆபீசு எதையும் நான் பாத்ததில்ல. அதுக்கு எல்லா எடமும் பழக்கம்."

பின்பு தாயாரின் கழுத்தில் சங்கிலியைப் போட்டு, எனது காதில் தோட்டை மாட்டி, விதுஷா அக்காவின் நீலச் சேலையைத் தாயாருக்குக் கட்டிவிட்டு, எங்களைப் பஸ்ஸுக்கு அனுப்பினார்கள். பெரியம்மா சொன்னது எங்களுக்குச் சரியாகவே தெரிந்தது. விதுஷா அக்காவின் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போனபோது அதிபர் கதிரை போட்டு உட்கார வைத்துப் பேசியதும் அந்தச் சங்கிலியைப் போட்டிருந்த நாளில்தான்.

மேசையில் வயதான உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். அவர் தமிழில் பேசினார், கடுமையாகப் பேசவில்லை. எங்களுக்குப் பின்னால் வாங்கிலும் படியிலும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் நாங்கள் பேசுவது கேட்கும். உத்தியோகத்தர் தாயாரிடம் பெயர், வேலை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார். பின்பு நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, அந்தச் சங்கிலி யாரோடது?"

"எங்களோடதுதாங்க."

"பிள்ளைட தோடு?"

"அதுவும் எங்களோடதுதாங்க."

அவர் அதை எழுதினார். எங்கள் லயத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிலால் என்ன வரும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்பு அவர் பேனாவால் எங்களுக்குப் பின்னால் இருந்த வாங்கிலைக் காட்டினார்.

"அங்க பாருங்க அம்மா. இவ்வளவு பேருக்கும் என்கிட்ட இருக்கிறது ரெண்டு சட்டத்தரணிதான். ஒண்ணுமே இல்லாத ஆளுக்குத்தான் நான் குடுக்கணும். நகை இருக்கிற ஆளுக்குக் குடுத்தா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க."

தாயார் தலையை ஆட்டினார். அவர் சொல்வதைப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. வாங்கிலில் இருந்த பெண் ஒருவரின் செருப்பு வார் அறுந்து கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நாங்கள் எழுந்ததும் அந்தப் பெண் எங்கள் இடத்தில் உட்கார்ந்தார்.

 திரும்பும் பஸ்ஸில் சனம் நெருக்கமாக இருந்ததால் தாயார் பசறை தாண்டும் வரை சங்கிலியைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றார். மாலையில் சங்கிலியைக் கழுவிக் கொடுக்கப் போனபோது, "லோயரு கெடைச்சாரா கலா?" என்று பெரியம்மா கேட்டார். "பாப்போம்னு சொல்லியிருக்காங்க அக்கா" என்று தாயார் கூறினார். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்தவரைக் குறை சொன்னது போல ஆகியிருக்கும்.

வழக்கு மீண்டும் கூப்பிடப்பட்ட அடுத்த தவணையிலும் அண்ணனுக்காகப் பேச ஆள் இல்லாததால் விளக்கமறியல் நீடிக்கப்பட்டது. அதன் பின்னர் நானும் தாயாரும் அவரைப் பார்க்கப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முதலில் பிள்ளை மடுவத்துக் குழந்தைகளைத்தான் விசாரித்தார்.

"ஆட்டோ சத்தம் கேக்கலன்னு தேடுதுகளா?"

"எந்த ஆட்டோ போனாலும் எல்லாம் ஒண்ணா திரும்பிப் பாக்குதுக" என்று நான் கூறினேன். அவர் சிரித்தார். பின்பு, உள்ளே எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதாகவும், ஒப்புக்கொண்டால் தண்டம் கட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதாகவும், அடுத்த தவணையில் அப்படியே செய்யப் போவதாகவும் கூறினார்.

"நீ எடுக்கலையேப்பா" என்று தாயார் கூறினார்.

"எடுக்கலம்மா. எடுக்கலன்னு யாருகிட்ட சொல்ல? கேக்குறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல."

ஒப்புக்கொண்டால் களவுக் குற்றவாளி என்று பதிவாகும். அதன் பின்னர் எந்த முதலாளியும் வண்டி கொடுக்க மாட்டார். அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது. இது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டோம்.

அன்று வீட்டுக்கு வந்த பின்னர் நான் தாயாரிடம், இன்னொரு தடவை மேசைக்குப் போவோம், இந்தத் தடவை நகை இல்லாமல் வேலைக்குப் போகும் துணியோடு போவோம் என்று கூறினேன்.

"படங்கக் கட்டிக்கிட்டு வரச் சொல்றியா?" என்று தாயார் கேட்டார். படங்கு என்பது கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தடித்த துணி. "கூடயையும் தூக்கிட்டு வரவா? என் மகனுக்கு நியாயம் கேக்கத்தான் போறேன், பிச்ச கேக்க இல்ல. கிழிஞ்ச துணியக் காட்டித்தான் லோயரு வாங்கணும்னா அந்த லோயரு என் புள்ளைய எப்படிப் பாப்பாரு?"

 தாயார் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதன் பின்னர் ஒரு நாள் காலை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பெரியாயி பெரியம்மா மட்டும் இருந்தார். நான் குடத்தை வைத்துவிட்டு நின்றேன்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா? சொல்லு" என்றார்.

மேசையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். சங்கிலியைப் பார்த்துத்தான் சட்டத்தரணி இல்லை என்றார்கள் என்று கூறியபோது குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"என் சங்கிலியவா? அது போய் நின்ன எடத்துல எல்லாம் கதிர போட்டாங்கடி. இங்க மட்டும் கதவச் சாத்திட்டாங்களா?" என்று கேட்டார். பின்பு என்னைப் பார்த்து, "உங்கம்மாவும் ஒரு அழுத்தக்காரி. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. சரி, அடுத்த தவணைக்கு நான் வாறேன். நானே போட்டுக்கிட்டு வந்து, இது என்னோட கழுத்துச் சங்கிலின்னு அந்த ஐயாகிட்ட சொல்றேன். சொல்லக் கூடாதுதான். என்ன செய்ய?" என்றார்.

தவணை நாளில் மூவரும் போனோம். தாயார் நல்ல சேலை உடுத்திருந்தார், கழுத்தில் ஒன்றும் இல்லை. பெரியம்மா சங்கிலியைப் போட்டிருந்தார். "இதப் போட்டுக்கிட்டு நானே டவுனுக்கு வாறது எனக்கே யாருதையோ போட்ட மாதிரி இருக்கு" என்று பஸ்ஸில் கூறினார். தாயார்கூடச் சிறிது சிரித்தார்.

மேசையில் அதே உத்தியோகத்தர் இருந்தார். எங்களை அவருக்கு ஞாபகம் இருந்தது. பெரியம்மா முன்னால் போய் நின்றார்.

"ஐயா, அன்னைக்கு இவ கழுத்துல நீங்க பாத்தது இதாங்க. இது என்னோடதுங்க. இவளுக்கு ஒரு குண்டுமணித் தங்கமும் கெடையாதுங்க."

உத்தியோகத்தர் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். பின்பு தாயாரிடம், "அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யா அம்மா?" என்று கேட்டார். பின்னால் வாங்கிலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"பொய் இல்லீங்க ஐயா. அன்னைக்கு அது எங்களோடதுதாங்க" என்று தாயார் கூறினார்.

"ஆமாங்க. போட்டுக்கிட்டு வந்தா அன்னைக்கு அவுங்களோடதுதாங்க" என்று பெரியம்மாவும் கூறினார்.

உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நான் எப்படி எழுதுறது?" என்றார். பின்பு, முன்னர் கொடுத்த தகவல் பொய் என்று தாயார் ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தால் மட்டுமே புதிதாக விண்ணப்பம் எடுக்கலாம், விதி அப்படித்தான் இருக்கிறது என்று கூறினார். எங்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அவர் அந்தக் கடதாசியை எங்கே எழுதலாம், யாரைப் பிடிக்கலாம் என்றுகூடச் சொன்னார்.

 தாயார், "மகன் களவெடுத்தான்னு அவங்க எழுதியிருக்காங்க. நான் பொய்காரின்னு நானே எழுதித் தரணுமா ஐயா?" என்று கேட்டார்.  தாயார் கையொப்பம் வைக்க ஒப்பவில்லை. அப்போது நானும் அங்கே சுவரோரமாக நின்றேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பின்னர் வழக்கு கூப்பிடப்பட்டது. அண்ணன் கூண்டில் ஏறினார். தாயார் கொடுத்துவிட்ட வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். குற்றச்சாட்டைத் தமிழில் தெளிவாக வாசித்துக் காட்டினார்கள், அவருக்கு விளங்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சட்டத்தரணி இருக்கிறாரா என்று கேட்டார்கள், இல்லை என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டார்கள். "ஒத்துக்கிறேங்க" என்றார். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னது நடக்கவில்லை. முன்னர் குற்றம் செய்தவரா என்று பார்க்க விரலடையாள அறிக்கை வர வேண்டும் என்று கூறி, தண்டனையைப் பின்போட்டு, அதுவரை மறியலில் வைக்க உத்தரவாயிற்று. அண்ணன் கூண்டில் இருந்து இறங்காமல் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகும் வழி எது என்று காட்டுவார்கள் என்று காத்திருந்தார் போல. சிறைச்சாலை உத்தியோகத்தர் கையைத் தொட்ட பின்னர்தான் இறங்கினார்.

நாங்கள் வெளியே வந்தபோது இளவயதுச் சட்டத்தரணி ஒருவர் பின்னால் வந்து தாயாரைக் கூப்பிட்டார். அவர் பெயர் நளீரா. மேசையின் கீழ் வேலை செய்யும் இரண்டு சட்டத்தரணிகளில் அவர் ஒருவர் என்றும், மேசை நியமிக்காமல் அவரால் எந்த வழக்கையும் எடுக்க முடியாது என்றும் கூறினார். மேசையில் நடந்ததை அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க சொன்னது எனக்கு விளங்கிச்சு அம்மா" என்றார். "எங்கட வீட்டுலயும் கல்யாணத்துக்குப் போனா உம்மாட வளையல் நாலு கை மாறும்."

தண்டனை கூறும் முன்னர் ஒரு சட்டத்தரணி நியமிக்கப்பட்டால், ஒப்புக்கொண்டதை மீளப் பெற அனுமதி கேட்கலாம் என்றும், இந்த உதவி முறையை மாற்றுவது பற்றி ஒரு குழு பதுளையில் விசாரிக்கிறது, அங்கு பதிவாகும் வாக்குமூலத்தின் பிரதியை மேசை ஏற்றுக்கொள்ளும், அதில் தாயார் பொய் சொன்னார் என்று எழுதத் தேவையில்லை, பார்த்த ஒருவர் நடந்ததைச் சொன்னால் போதும் என்றும் கூறினார். அனுமதி கிடைக்கும் என்று அவர் உறுதி கூறவில்லை.

"பாத்த ஆளுன்னா இவதான் மிஸ். இவ பேச மாட்டா" என்று தாயார் என்னைக் காட்டினார்.

"பேசத் தேவையில்ல. சொன்னாச் சரி" என்று அவர் கூறினார்.

அதன்படியே நான் இன்று வந்தேன். நகை இல்லாமல் வருவதா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். இன்று காலை இருட்டோடு எழுந்து முகம் கழுவி வந்தபோது பெரியாயி பெரியம்மாவும் விதுஷா அக்காவும் எங்கள் வாசலில் நின்றார்கள். மேசையில் நடந்தது லயம் முழுவதற்கும் இப்போது தெரியும், இருந்தும் வந்திருந்தார்கள். "பெரிய ஆளுகளுக்கு முன்னால போற, ஒழுங்காப் போ" என்று பெரியம்மா கூறினார். விதுஷா அக்கா தோட்டை மாட்டினார். தாயார் எனக்குப் பின்னால் நின்று சங்கிலியின் கொக்கியை மாட்டிவிட்டார். நான் வேண்டாம் என்று கூறவில்லை. தாயாரும் பெரியம்மாவும் தற்போது வெளியே மரத்தடியில் காத்திருக்கிறார்கள்.

என்ன மாற்றம் வேண்டும் என்று குழுவினர் என்னிடம் கேட்டார்கள். எனக்குச் சட்டம் தெரியாது. பார்த்ததில் இருந்து சிலவற்றைச் சொல்கிறேன். அண்ணனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று உள்ளே இருந்த எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு சட்டத்தரணி மட்டும் சொல்லவில்லை. பிடித்த நாளிலேயே ஒருவர் போய்ப் பேசியிருந்தால் சதீஸ்குமாரைப் பற்றியும் சாக்கைப் பற்றியும் அவரிடம் அண்ணன் சொல்லியிருப்பார். முதலில் சட்டத்தரணியைக் கொடுத்துவிட்டு, வசதி இருக்கிறதா என்பதைப் பின்னர் விசாரிக்கலாம். வசதி இருந்தால் பின்னர் நிறுத்திக்கொள்ளலாம். மறியலில் இருக்கும் ஆள் எங்கும் போகப் போவதில்லை. கழுத்தில் இருப்பதைப் பற்றிக் கேட்பதென்றால் வாங்கிலில் இருப்பவர்களுக்குக் கேட்காத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் தாயார் வேறு பதில் சொல்லியிருப்பாரா என்று ஒருவர் கேட்டார். அது எனக்குத் தெரியாது, தாயாருக்காக நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐயா சங்கிலி யாருடையது என்று கேட்டார். அதை விற்க உங்களால் முடியுமா என்று கேட்டிருந்தால், முடியாது என்று தாயார் உடனே சொல்லியிருப்பார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம் இருந்திருக்காது. மேசையில் இரண்டு சட்டத்தரணிகள்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிலில் அவ்வளவு பேர் இருந்தால் அந்த ஐயா யாருடைய கழுத்தையாவது பார்க்கத்தான் செய்வார். கால் செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்த பெண்ணுக்குச் சட்டத்தரணி கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கிடைத்திருக்க வேண்டும்.

எழுதியதைக் குழுவின் உத்தியோகத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். இன்று நான் அணிந்திருப்பது இரவல் நகை என்று ஓர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டிவிட்டு நான் சொல்வதை எழுதும்படி கேட்டேன். வெட்டப்பட்டது, பக்கத்தில் எனது சுருக்கக் கையொப்பம் இட்டேன்.

நான் சொல்வது இது. எனது கழுத்தில் உள்ள சங்கிலி பெரியாயி பெரியம்மாவுடையது. அதை விற்கவோ அடகு வைக்கவோ எனக்கும் எனது தாயாருக்கும் உரிமை இல்லை. இன்று விளக்கு வைக்கும் வரை அது எங்களுடையது.

இந்த இரண்டும் உண்மை. எனது தாயார் மேசையில் கூறியதும் உண்மை. இதில் உள்ள மற்ற யாவும் நான் கண்டவாறும் கேட்டவாறும் சொன்னவையே, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை என்று ஏற்று, கையொப்பம் இடுவதற்காக உட்கார்ந்து, கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. தனுஜா